முழு வீடியோ வரட்டும்

எங்கள் ஊரில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும், மீன் பிடிக்க உரிமம் வேண்டும், இன்னொருவர் தலைமுடியில் கத்தரிக்கோல் வைக்கவும் உரிமம் வேண்டும். எந்த உரிமமும் இல்லாமல் தெருத்தெருவாக உலவும் ஓர் இனம் மட்டும் உண்டு. அதில் ஒன்றைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. குரலைக்கூட உயர்த்தாது. பெயர், முழுவீடியோக்காரர்.

கறுப்பின இளைஞன் ஒருவனைப் போலீஸ் தரையில் போட்டு அமுக்கும் துண்டு வீடியோ கைபேசிக்கு வந்து, ஊர் கொதித்து, தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருக்கும் வேளையில், நம்மவர் மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுக்கொண்டு, வீடியோவைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்து, ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு, “இதுக்கு முன்னாடி என்ன நடந்துதுன்னு நமக்குத் தெரியாது, இல்லையா?” என்பார். முன்னால் நடந்ததும் வந்துவிட்டதா? அதற்கும் முன்னால்? போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவு வந்துவிட்டதா? கோணம் சரியில்லை. எல்லாக் கோணமும் வந்துவிட்டதா? விசாரணை அறிக்கை வரட்டும். அறிக்கையும் வந்துவிட்டதா? மேல்முறையீடு இருக்கிறதே! அது முடிவதற்குள் வேறோர் ஊரில் வேறொருவன் தரையில் கிடப்பான். நம்மவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்.

மேப்பிள் தெருவில் குடியிருக்கும் லாயிட் ப்ரூபேக்கர் இந்த இனத்தின் அசல் வித்து. வெள்ளைக்காரர், காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்றவர், நல்லவர். நல்லவர் என்பதை அவரே புல்வெளியில் பலகை நட்டு அறிவித்திருக்கிறார்: ‘இந்த வீட்டில் எல்லோருக்கும் வரவேற்பு.’ பிறந்ததும் மருத்துவர் முதுகில் ஒன்று வைத்தபோதுகூட அவர் அழவில்லையாம். மருத்துவரின் தரப்பையும் கேட்டுவிட்டு அழலாம் என்று பொறுத்திருந்தாராம். ஞாயிறு பள்ளியில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்ற பைபிள் கதை வந்தபோது, “ஆபேல் மொதல்ல எதாச்சும் சொல்லியிருப்பான் டீச்சர்” என்று சொல்லி நல்லொழுக்கப் பரிசு வாங்கியவர்.

ஆனால் எல்லா விஷயத்திலும் இவ்வளவு பொறுமையா என்று கேட்டால், அதுதான் இல்லை. வாசல் மணியில் கேமரா பொருத்தியதிலிருந்து லாயிட்டின் நீதிமன்றம் வெகு வேகமாக இயங்குகிறது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் நாய் அவர் புல்வெளியில் காலைத் தூக்கினால், கால் கீழே இறங்குவதற்குள் அந்த வீடியோ தெருவாசிகள் குழுவில் இருக்கும். போன வருடம் நன்றி கூறும் பண்டிகையின் விருந்து நாளில், தலையை மூடிய மேல்சட்டை போட்ட உயரமான கறுப்பின இளைஞன் ஒருவன் அவர் வாசலுக்கு வந்தான். கண் இமைக்கும் நேரத்துக்கு ஓடும் ஒரு துண்டுப் படம். ‘சந்தேகத்துக்குரிய நபர், எல்லோரும் கவனம்’ என்று லாயிட் குழுவில் போட்டார். இதற்கு முன் என்ன நடந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நடந்தது இதுதான்: எதிர்வீட்டு வெர்னீஸ் டாலிவர், சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ என்ற இனிப்புப் பண்டம் ஒன்று செய்து, “ஆறிடறதுக்குள்ள லாயிட் வீட்ல குடுத்துட்டு வாடா” என்று தன் மகன் ஆல்டனை அனுப்பியிருந்தார். அந்தப் பண்டத்தை லாயிட் சாப்பிட்டார். படத்தைக் குழுவிலிருந்து நீக்க மறந்துவிட்டார்.

அந்த ஆல்டன்தான், இந்த வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், அம்மாவின் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பின்விளக்குக்குப் புது பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். பின்விளக்கு எரியாவிட்டால் போலீஸ் நிறுத்தும் என்பதால் அம்மாவே மாட்டச் சொன்னது. எரியும் முன்பே போலீஸ் வந்துவிட்டது. கார் யாருடையது என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆல்டன் முகம் தார்ச்சாலையில், முதுகில் ஒரு முழங்கால், தோள்மூட்டு நழுவியது. வழியில் போன ஒருத்தி எடுத்த வீடியோ, அவன் ஏற்கெனவே கீழே கிடப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. போலீசை எதிர்த்துக் கைகலந்தான் என்று அவன்மீது வழக்கு. ஆல்டன் மருத்துவமனையில் செவிலியர். தண்டனை விழுந்தால் செவிலியர் உரிமம் போய்விடும்.

அந்த மதியம் லாயிட் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை.

நகர மன்றம் பொதுக் கூட்டம் கூட்டியது. எங்கள் ஊர் ஜனநாயகத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். மஞ்சள் விளக்கு எரிந்தால் சுருக்க வேண்டும். சிவப்பு எரிந்தால், அழுதுகொண்டிருந்தாலும் உட்கார வேண்டும். ஆல்டன் கையைக் கழுத்தோடு கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். போலீஸ் சங்கத்துக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் ஒரு பக்கம், வெர்னீஸின் தேவாலயத்துக்காரர்கள் மறுபக்கம். லாயிட், இயல்பாகவே, நடு வழிக்குப் பக்கத்து நாற்காலி. அருகில் மனைவி மார்லீன்.

லாயிட் எழுந்து ஒலிவாங்கியின் முன் போய் நின்றார்.

“நான் எந்தப் பக்கமும் இல்லீங்க. ரெண்டு பக்கமும் இருக்கறேன். வெர்னீஸ் எனக்குக் கூடப் பிறந்தவங்க மாதிரி. போலீஸும் நம்ம பிள்ளைங்கதான். ஆனா பாதியில ஆரம்பிக்கற வீடியோவ வெச்சு யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. முழு வீடியோ வரட்டும். நாகரிகமா காத்திருப்போம்.”

என்ன பேச்சு! நாகரிகமாம். சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள், மன்றத் தலைவி நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார், மஞ்சள் விளக்குகூட எரியவில்லை.

அடுத்தது வெர்னீஸ். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“எனக்கு மூணு நிமிஷம் வேணாம்மா. ஒரே ஒரு கேள்வி, அதுவும் லாயிட்ட. லாயிட், உங்க வாசல் மணி எந்தப் பக்கம் பாக்குது?”

சபை சிரித்தது. லாயிட்டும் நாகரிகமாகச் சிரித்தார்.

“தெருவைப் பாக்குது.”

“தெருவுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?”

“உங்க... வீடு.”

“என் வீடுதான். நான் குப்பைத்தொட்டியை எப்போ வெளிய வெக்கறேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, உங்க மணிக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை மதியம் நாய் வீடியோ ஒண்ணு போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நாய் காலைத் தூக்குது. அதுக்குப் பின்னால, ஓரமா, என் கார் நிக்குது. என் பிள்ளை பல்பும் கையுமா உக்காந்திருக்கான். நாய் போனதும் வீடியோ முடிஞ்சிடுச்சு. மிச்சம் எங்க?”

தேவாலயப் பக்கத்திலிருந்து ஒருவர், “சொல்லுங்க சிஸ்டர்!” என்றார்.

“நான்... நாய் இருக்கற வரைக்கும்தான் வெட்டினேன்.”

“தெரு விருந்துக்குக் கொண்டுவர்ற உருளைக்கிழங்கு சாலட்ல, எல்லாரும் முகம் சுளிக்க உலர்திராட்சை போடறப்போ யார்ட்டயும் முழு ஆதாரம் கேக்கல நீங்க, அத நான் பொறுத்துக்கிட்டேன். இது என் பிள்ளை. உங்க மணி பழசையெல்லாம் தானா அழிச்சிடும்னு சொன்னீங்களே, இத எப்போ அழிக்கும்?”

லாயிட் தரையைப் பார்த்தார். “நாளைக்கு.”

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லாயிட் நியாயமாகவே யோசித்தார். கொடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகாதா? கொடுக்காவிட்டால்? அது தானாக அழிவது. அதில் தன் குற்றம் என்ன? கருவியின் விதியை மதிப்பதும் ஒரு நடுநிலைதானே? காரை நிறுத்துவதற்குள் அவருக்கு ஏறக்குறைய மனம் ஆறிவிட்டது. அவர் காரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் மார்லீன் உள்ளே போய், சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்து, நாயைத் தாண்டி ஓட விட்டிருந்தாள்.

“வாங்க லாயிட். நீங்க கேட்ட முழு வீடியோ.”

எல்லாம் இருந்தது. போலீஸ்காரர் இறங்கினார். ஆல்டன் மெல்ல எழுந்து, ஒரு கையில் பழைய பல்பும் மறு கையில் புது பல்புமாக இரண்டு கையையும் உயர்த்தி, “எங்கம்மா வண்டி சார், அந்த வீடுதான்” என்றான். கையை இறக்கவே இல்லை. பல்பு இரண்டும் தெருவில் உடைந்தன. பிறகு அவன், “தோளு, சார், தோளு” என்று கத்தினான். அதுவும் தெளிவாகவே கேட்டது.

அப்போது படத்தின் கீழ்மூலையில், வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில், செடிக்குத் தண்ணீர்விடும் குழாயோடு ஒருவர் அசையாமல் நின்றிருந்தார். தொடக்கத்திலிருந்தே நின்றிருந்தார். ஆல்டன் கத்தியதும் குழாயை மூடினார். வழுக்கி விழாமல் பார்த்துப் படியேறினார். கதவு சாத்தும் சத்தம்.

“இது நீங்கதானே?” என்றாள் மார்லீன்.

லாயிட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். “இந்தக் கோணத்துல சரியா...”

“லாயிட்.”

“ஒரு தடவை வக்கீலைக் கேட்டுட்டு...”

“வெர்னீஸுக்கு அனுப்பிட்டேன். ஆல்டனோட வக்கீலுக்கும். கால் தூக்கற நாயிலேர்ந்து நீங்க கதவு சாத்தற வரைக்கும், ஒரு துளி வெட்டல.”

வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஆல்டனின் உரிமம் தப்பியது. தோள் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போலீஸ்காரருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. லாயிட்? குழுவில் யாரோ நன்றி சொல்லப்போக, ‘முழு வீடியோ வந்தால் உண்மை தெரியும் என்று நான் அப்போதே சொன்னேன்’ என்று அடக்கமாகப் பதில் போட்டார். ஆனாலும் அந்தப் போலீஸ்காரருக்கு அன்று காலை வீட்டில் என்ன நடந்ததோ, நமக்குத் தெரியாது, இல்லையா? இந்த வருடப் பண்டிகைக்கு எதிர்வீட்டிலிருந்து கிழங்குப் பண்டம் வரவில்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு தரப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று காத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவரும்போது, ‘எல்லாம் சரி, அந்தப் பையன் வேற எங்காவது வண்டியை நிறுத்தி பல்பு மாத்தியிருக்கலாமே’ என்று உங்கள் தொண்டைவரை ஒன்று வந்ததா? வந்திருந்தால் விழுங்கிவிடாதீர்கள். வாசலுக்குப் போய், உங்கள் வீட்டு மணிக்கு நேராக நின்று, வாய்விட்டுச் சொல்லுங்கள். அது முழுவதையும் பதிவுசெய்துகொள்ளும்.