ரெசினில் ஒரு கை

அந்தச் சத்தம் இத்தனை வருஷம் கழித்தும் டேவிட்ராஜின் காதுக்குள் கிடக்கிறது. பெரிய சத்தமில்லை. முறுக்கு ஒடிகிற சத்தம்தான். மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறியவன் துண்டை உதற, துண்டின் நுனி அந்தோணியார் சிலையில் பட, அவர் ஏந்தியிருந்த குழந்தை இயேசுவின் வலது கை கீழே விழுந்து சுண்ணாம்புப் பொடியானது.

அந்தச் சொரூபம், மாமியார் அற்புதம்மாள் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர். கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்: "மாப்ள, இதுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நானே வந்து உக்காந்து காவல் காப்பேன்."

வருகிற ஞாயிறு அந்தோணியார் திருநாள். தங்கச்சிமடத்திலிருந்து அவள் மண்டபம் ஊருக்கு, இவர்கள் வீட்டுக்கு வருவாள். சொரூபத்தை உதடு வைத்து முத்தி செய்யாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

டேவிட்ராஜ் அவசரமாகப் பொடியைக் கூட்டித் தள்ளி, கை போன இடத்தை மல்லிகைச் சரத்தால் மறைத்தான். ஃபைபர் படகு பழுதுபார்ப்பவன் அவன். படகுப் பெட்டிகளுக்குப் பிடி, குமிழ் எல்லாம், ஊற்றினால் இறுகும் ரெசின் பிசினில் வார்ப்பான். ஒரு கைதானே!

பக்கத்து வீட்டு ஹெலன் அக்காவிடம் இதே சொரூபம் இருந்தது. மனைவி பிரெசில்லா சந்தைக்குப் போன நேரம் பார்த்து இரவல் வாங்கினான். நாற்காலியில் தலைகீழாகக் கட்டி, பிள்ளையின் கையை மட்டும் டம்ளருக்குள் விட்டு, அச்செடுக்கச் சிலிக்கான் கூழை ஊற்றினான்.

ஹெலன் எட்டிப் பார்த்தாள். "ஏலே, அந்தோணியார என்ன, போலீஸ் ஸ்டேஷன்லயா வச்சிருக்க?"

"மெதுவாப் பேசுக்கா. சிலிக்கான் எறுகட்டும்."

"அதுக்குள்ள அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிறாது?"

சிலிக்கான் ரப்பர்போல இறுகியது. கையை உருவியதும் உள்ளே கை வடிவில் பள்ளம். ரெசினுக்கான இரண்டு திரவங்களையும் சமமாகக் கலந்து அதில் ஊற்றினான். அந்த ரெசினுக்கு ஈரம் ஆகாது. மண்டபத்துக் காற்றுக்கோ ஈரம்தான் உடம்பு. முதல் கை ஆப்பம்போலப் பொங்கி வந்தது. சட்டைப்பையில் ஒளித்தான். சட்டையைத் துவைக்க எடுத்த பிரெசில்லா கண்டெடுத்தாள்.

"ஏங்க, இது என்னது?"

"படகுக்குப் பிடி."

"விரல் வச்ச பிடியா?"

"நாம பிடிச்சா அது நம்மளத் திருப்பிப் பிடிக்கும். புது மாடல்."

"ஓ" என்றாள். அந்த "ஓ"வுக்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அச்சை வெயிலில் நன்றாகக் காயவைத்து ஊற்றிய இரண்டாவது கை அச்சு அசலாக வந்தது. ஒட்டி, பெயின்ட் அடித்து, முன்னால் நின்று தானே கண்கலங்கினான்.

ஞாயிறன்று அற்புதம்மாள் முத்தி செய்யக் குனிந்தாள். நிமிர்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள்.

"ஏ பிரெசில்லா! பிள்ளைக்குச் சுண்டுவிரல் மொளச்சிருக்குடி! வாங்கிட்டு வரும்போது பஸ்ஸுல ஒடிஞ்ச வெரலு! அந்தோணியாரு புதுமை செஞ்சுட்டாரு! புதுமை!"

பத்து வருஷமாக அதைக் கும்பிட்டவன் டேவிட்ராஜ். பிள்ளையின் விரல்களை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"அத்த, அது வந்து..."

பிரெசில்லா அவன் காதருகே குனிந்தாள். "சொல்லுங்க. ஒடிச்சதுலருந்து சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டான். தெருவே திரண்டு வந்தது. "புதுமை நடந்த வீட்ட விட்டு இனி நான் எங்கிட்டும் போகல" என்று அற்புதம்மாள் தன் செருப்பை உள்ளே எடுத்து வைத்தாள்.

அடுப்படியில் அவன் மெல்லக் கேட்டான். "ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

"வெளக்கமாத்துல சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. நீங்க வீட்டக் கூட்டுறதே ஒரு புதுமைதான! அவரு கேட்டா சொரூபத்தக் குடுத்துருங்கன்னு ஹெலன் அக்காட்ட சொன்னதும் நாந்தான்."

"பழைய கையில விரல் கொறையுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மாவ இங்கன வச்சுக்கிடுவோம்னு எத்தன தடவ கேட்டேன்? எடமில்லன்னீங்க."

அற்புதம்மாள் இன்றைக்கும் மண்டபத்தில்தான் இருக்கிறாள், டேவிட்ராஜ் படுத்திருந்த கட்டிலில்.