அணுகுண்டு டப்பாவில் காராச்சேவு

"இந்த அணுகுண்டு டப்பாவெல்லாம் யாரோடது?"

மதுரை விமான நிலையத்துச் சோதனை மேசையில் அதிகாரி இப்படிக் கேட்டதும், சோலைமலை பெருமையாகக் கையைத் தூக்கினார்.

"என்னோடதுதான் சார். உள்ள சாத்தூர் காராச்சேவு. மும்பையில மகளுக்கு மசக்கை. சோறு தண்ணி எறங்கல. இது வேணும்னு போன்ல அழுதா. மருமகன்தான் பிளேன் டிக்கெட் எடுத்து அனுப்புனாரு."

"சேவை எதுக்குப் பட்டாசு டப்பாவுல வச்சீங்க?"

"எங்க தாயில்பட்டிப் பக்கம் கல்யாணப் பலகாரமே இதுலதான் சார் போகும். அட்டை அம்புட்டு கெட்டி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாய் சும்மா இருக்குமா? "பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து கலக்குறதே நாந்தான்" என்றார்.

அதிகாரி அவர் உள்ளங்கையை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியை வெடிமருந்து கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்தார். அது கூவியது. கை அழுக்கு போலிருக்கிறது என்று சோலைமலை தோள்துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். தினமும் அவரோடு கம்பெனிக்குப் போய்வரும் துண்டு அது. இயந்திரம் அலறிய அலறலில் காவலர்கள் ஓடி வந்தார்கள்.

"நெஜமாவே சேவுதானா? சாப்பிட்டுக் காட்டுங்க."

சாப்பிட்டார்.

"அடுத்த டப்பா?"

அதிலும் சாப்பிட்டார். காரத்தில் கண்ணீர் வழிந்தது.

"எதுக்குய்யா அழுகுறீங்க?"

"சந்தேகம்னா நீங்களே தின்னு பாருங்க சார்!" என்று வெள்ளந்தியாக நீட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. பூண்டு மணக்கும் சேவு. காவலர்கள் ஒவ்வொருவராக வந்து சோதித்தார்கள். ஒரு பெண் காவலர் இரண்டு முறை சோதித்தார்.

கடைசி அழைப்பு ஒலித்தபோது டப்பாக்கள் காலி.

"ஆபத்து ஒண்ணுமில்ல. டப்பாவைக் குப்பையில போட்டுட்டுக் கிளம்புங்க."

"நல்ல அட்டை சார், தூரப்போட மனசு வரல" என்று மடக்கிப் பைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அதிகாரியால் மறுக்க முடியவில்லை. வாய் நிறையச் சேவு இருந்தது.

மும்பையில் மகள் கற்பகவல்லி வாசலிலேயே நின்றாள், துரும்பாக இளைத்து.

"தாயி, ஒரு துணுக்குகூட மிச்சமில்லம்மா" என்று சோலைமலை காலி டப்பாக்களை எடுத்துக் காட்டும்போது அழுதேவிட்டார். இந்த முறை காரமில்லை.

அவள் ஒரு டப்பாவைப் பிடுங்கி, மூக்கோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "ஏங்க, பசிக்குது, சோறு போடுங்க" என்றாள்.

மருமகன் எழில் தட்டை எடுத்துக்கொண்டே சிரித்தான்.

"உங்க வெடிமருந்து வாசம் வேணும்னு கேக்க வெக்கப்பட்டா மாமா. சேவு கேட்டா நீங்க டப்பாவோட வருவீகன்னு அவளுக்குத் தெரியும்."