பூஜ்ய அடுக்குப் பொருள்

உலக அறிவியல் வரலாற்றில் சுத்தத்துக்கு உரிய மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. அந்தக் குறையைத் தனி ஒருவராக நின்று தீர்த்து வைத்தவர், கண்ணுக்கே எட்டாத அளவு மெல்லிய பொருள்களை ஆராயும் மெல்பொருள் ஆய்வு மையத்தின் மாண்புமிகு இயக்குநர்.

மையத்தில் ஆய்வு மாணவி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளை 'டேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கடுக்காக அமைந்த மாலிப்டினம் டைசல்பைடு என்ற தாதுக் கட்டியின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டுவாள், உரிப்பாள், மறுபடி ஒட்டுவாள். உரிக்க உரிக்க மெலிந்து, கடைசியில் ஒரே ஒரு அடுக்கு மிஞ்ச வேண்டும். கட்டியாக இருக்கும்வரை ஒளி விடுவதில் மகா கஞ்சத்தனம் காட்டும் அந்தப் பொருள், ஒற்றை அடுக்கானதும் பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். பழுதில்லாத அடுக்கு ஒன்று கிடைக்க அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது. அதற்குள் அம்மா, மகள் ஏதோ பார்சல் கட்டும் கம்பெனியில் இருப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சமாளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிடைத்த அடுக்கு ஒரு சிலிக்கான் துண்டின் மேல் இருந்தது. மதிப்பீட்டுக் குழுவின் முன் அது ஒளிர்ந்தால் ஆய்வேடு தேறும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து உரிக்க வேண்டியதுதான்.

குழு வரவிருந்த காலையில் இயக்குநர் மேற்பார்வைக்கு வந்தார். நாற்காலிகளைத் தட்டினார். ஜன்னலைப் பார்த்து முகம் சுளித்தார். சிலிக்கான் துண்டில் ஏதோ மங்கலாகத் தெரிய, எடுத்து ஊதி, கைக்குட்டையால் பளபளவென்று துடைத்து வைத்தார்.

"இப்படித் தூசியோட வச்சிருக்கியேம்மா, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று வாஞ்சையோடு கடிந்துகொண்டார்.

அந்தத் தூசிதான் அவளுடைய நாலு வருஷ அடுக்கு. உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. வாசலில் குழுவின் கார் வந்து நின்றுவிட்டது.

லேசரைப் போட்டார்கள். திரை இருட்டாகவே இருந்தது. எத்தனை அடுக்கு என்று குழுத் தலைவர் கேட்டார்.

"ஒரு அடுக்குகூட இல்ல சார். இயக்குநர் துடைச்சுட்டார்."

உலகமே ஒற்றை அடுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இந்த மையம் அதையும் தாண்டிவிட்டது என்பது குழுவுக்கு மெல்ல விளங்கியது. எடையே இல்லாததால் ஏற்றுமதி சுலபம் என்றார் ஓர் உறுப்பினர். ஒளியைத் துளிகூட உறிஞ்சாத 'அபூர்வ குணம்' இன்னொருவரை நெகிழ வைத்தது. 'பூஜ்ய அடுக்குப் பொருள்' என்று அங்கேயே பெயர் சூட்டப்பட்டது. இயக்குநர் அடக்கத்தோடு தலை குனிந்தார். மாணவியின் ஆய்வேட்டையும் குழு மறக்கவில்லை: இன்றைய நிலவரத்தில் ஒற்றை அடுக்கு என்பது தடிமன் அதிகம், ஆகவே திருப்பி அனுப்பப்படுகிறது.

"மத்த மையங்களும் இதைச் செய்யணுமில்ல? செய்முறையைச் சொல்லும்மா," என்று தலைவர் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டு பேர் போதும் சார். நாலு வருஷம் ராப்பகலா உரிச்சு, ஒரு அடுக்கை உண்டாக்க ஒருத்தி. அதைத் துடைச்சுப் போட்டுட்டுப் பாராட்டு வாங்கிக்க ஒருத்தர்."

தலைவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். இரண்டாமவர் எல்லா மையங்களிலும் ஏற்கெனவே பணியில் இருப்பதால் புதிய நியமனம் தேவைப்படாது என்று ஓரத்தில் குறித்துவிட்டு, திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்.