லாரி நெற்றியில் ஏறிய சண்டை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் சும்மா இருக்க மாட்டான். இதற்கு நானே சாட்சி. பெங்களூரில் இரண்டு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, புதுச்சத்திரத்தில் என் தாய்மாமா நடத்தும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே மின்னஞ்சலை ஒழிப்பது என்று முடிவு கட்டினேன். (யாரும் கேட்கவில்லை.)

மாமாவின் முறை எளிது. வண்டிக்காரர்கள் என்ன நிறம், முகப்பில் யார் பெயர் என்று மெயில் அனுப்புவார்கள். மாமா அதை ஒரு நாள் ஊறப்போட்டு, போனில் இரண்டு முறை கேட்டுக்கொண்டு, பிறகுதான் பெயின்டரிடம் சொல்வார். எனக்கு அது மாட்டுவண்டி வேகமாகத் தெரிந்தது. எல்லோரும் ஒரே இணையப் பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம், ஒருவர் எழுதுவது அந்த நொடியே மற்றவருக்குத் தெரியும் என்று விளக்கினேன்.

"எழுதறப்பவே தெரிஞ்சா, தப்பா எழுதிட்டு அழிக்கறது எப்படி மாப்ள?"

"அழிக்கறதும் தெரியும்ங்க மாமா!" என்றேன் பெருமையாக.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரி, எருமப்பட்டி வண்டிய நீயே பாரு. நல்லபடியா வெளிய போச்சுன்னா ஆபீஸ் உன்னுது. இல்லீன்னா பட்டறைல போல்ட் முறுக்கப் போயிரோணும்."

அது அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வாங்கிய வண்டி. இருவரையும், பெயின்டர் செல்வராசு அண்ணனையும் அந்த இணையப் பக்கத்தில் சேர்த்தேன். "இனிமே போன் பண்ணிக் கேக்காதீங்கண்ணா. விடியக்காலைல பக்கத்துல என்ன இருக்குதோ அதுதான் முடிவு. அப்படியே எழுதிருங்க" என்று அவருக்கு உத்தரவும் போட்டேன்.

சாயங்காலம் என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா மாமா, என்ன சுறுசுறுப்பு!" என்றேனே தவிர, திறந்து பார்க்கவில்லை. அங்கே நடந்தது வேறு. அண்ணன் முகப்புக்குத் தன் மகள் பெயரை எழுத, தம்பி அதை அழித்துத் தன் மகன் பெயரை எழுத, அண்ணன் அதை அழிக்க, கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தம்பிக்கு ஒரே ஒரு வரி எழுதிவைத்து, அண்ணன் கோழிப் பண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பூஜை. இரு குடும்பமும் வந்திருந்தது. தேங்காய் உடைக்கத் தம்பியின் மாமனாரை அழைத்து வந்திருந்தார்கள். வண்டி வெளியே வந்தது. அதன் நெற்றியில், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில்:

மாமனார் பேச்சைக் கேட்டு ஆடாதே

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். எனக்கு அப்படியே வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்கதானுங்க தம்பி அப்படியே எழுதச் சொன்னீங்க" என்றார் செல்வராசு அண்ணன். "லாரில எழுதாத தத்துவமாங்க? நல்லாருக்குதேன்னு ரெண்டு பக்கமும் பூவும் போட்டுட்டேன்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "எழுத்து லட்சணமாத்தானுங்க இருக்குது. பொட்டு வெக்கத்தான் எடம் உடலீங்க" என்றவர், உடைக்காத தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணனும் தம்பியும் அப்போதுதான் ஒன்று சேர்ந்தார்கள். மெயில் காலமாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராகத் திட்டியிருப்பார்கள். இப்போது ஒரே நேரத்தில், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பி, என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நான் விளக்கிய ஒத்துழைப்பு அச்சு அசலாக அதுதான். முகப்பில் குலதெய்வத்தின் பெயரை எழுதவைத்து, ஒரு வாரம் கழித்து வண்டியை எடுத்துப் போனார்கள்.

நான் போல்ட் முறுக்கப் போனேன். என்ன நினைத்தாரோ, அடுத்த வருடம் மாமா தன் மகளையே எனக்குக் கட்டி வைத்தார். இன்றும் பட்டறையில் அவர் சொல்லாமல் ஒரு போல்ட் அசையாது. நான் "செரிங்க மாமா" என்று தலையாட்டும்போதெல்லாம், என் மனைவி அந்த வரியை ராகம் போட்டுப் படிப்பாள். முதலில் சிரிப்பவர் என் மாமனார்தான்.