வாவிப் பக்கம் மட்டும்

“என்ட வீட்டுக்குக் கிடுகா?” என்றாள் இரத்தினம்மா.

கையில் அகப்பை இருந்தது. தனோஜன் அதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான். பக்கத்து வளவில் திறக்கவிருந்த ஆடம்பர விடுதிக்குக் கொழும்பிலிருந்து வந்த மேலாளன் அவன்.

“உங்கட ஓடு சிவப்பு, சுவர் நீலம். எங்கட அறைகள்ல இருந்து வாவியைப் பார்த்தா அதுதான் முதல்ல தெரியுது. இந்த சீசன்ல எல்லாரும் இயற்கை வீட்டைத்தான் விரும்புறாங்க அம்மா. செலவு எங்கட.”

ஒரு வர்ணப் படத்தையும் நீட்டினான். தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை, களிமண் சுவர், யன்னலில் பாய். “இதுதான் மாதிரி. எங்கட ஆள் தேடித் தேடி எடுத்த படம். எவ்வளவு வடிவு.”

“வடிவெண்டா நீ போய் அதுக்குள்ள இரு.”

அப்படியொரு கொட்டிலைத்தான் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு முகாம், தகரக் கொட்டகை, ஷெல் சத்தம். யுத்தம் முடிந்த பிறகுதான் நாவற்குடாவில் இந்தக் கல்வீடு எழும்பியது. அது மகள் மேனுகாவின் சீதனம். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருக்கிற ஊர் இது. வீடு பிடித்தால்தான் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வாவிக்கு அக்கரையிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்திலா கிடுகு?

“வாவிப் பக்கம் மட்டும்தானே” என்றார் கணவர் வினாயகமூர்த்தி. “வாறவங்க றோட்டாலதான் வருவாங்க. முன்பக்கத்துக்குப் பெயின்டும் அடிச்சு, இரும்புக் கேற்றும் போட்டுத் தாறானாம்.”

கேற் என்றதும் இரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள்.

கிடுகு ஏறியது. கிடுகுக்குக் கீழே நீலச் சுவர் இன்னும் எடுப்பாகத் தெரிகிறதாம், களிமண் பூசினார்கள். களிமண்ணுக்குக் கண்ணாடி யன்னல் பொருந்தவில்லையாம், பாயைத் தொங்கவிட்டார்கள்.

“கேற் எங்க?”

“திறப்புவிழா முடியட்டும் அம்மா.”

இயற்கையைக் காப்பாற்ற வந்தவனின் ஜெனரேட்டர் நாள் முழுக்க அலறியது. இரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை மேனுகா ஓடிவந்தாள். “அம்மா, விடுதித் திறப்புக்கு ஆரோ பெரியவர் வாறாராம். றோட்டைப் பூட்டிட்டாங்க.”

“அப்ப மாப்பிள்ளை வீட்டார்?”

“தோணியில வாறாங்களாம்.”

தோணி வந்து பின்பக்கம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் இலட்சுமிப்பிள்ளை இறங்கவில்லை. கிடுகைப் பார்த்தாள், களிமண்ணைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

“கல்வீடு எண்டுதானே சொன்னீங்க.”

“கல்வீடுதான் மச்சாள். இது சும்மா மேல ஒட்டினது. பாருங்க.”

இரத்தினம்மா பாயைப் பிடித்து இழுத்தாள். பாயோடு கம்பு வந்தது; கம்போடு கிடுகு சரிந்தது. சரிந்த கிடுகில் ஒன்று பறந்துபோய்த் தோணிக்குள், இலட்சுமிப்பிள்ளையின் பட்டுச் சேலையில் விழுந்தது.

“என்ட புள்ளயக் கிடுகுக்குள்ள விட மாட்டன்” என்றாள் அவள். சத்தம்கூடப் போடவில்லை. “தோணியத் திருப்பு உசனார்.”

“மச்சாள், முன்பக்கம் ஒருக்கா வந்து பாருங்க.”

தோணி திரும்பிவிட்டது.

மேனுகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரத்தினம்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிடுகையெல்லாம் பிய்த்து விடுதிப் பக்கம் வீசினாள். தடுக்க வந்த தனோஜன் தலையில் களிமண்ணோடு ஓடினான். இயற்கைக்கு மிகக் கிட்டத்தில் அவன் போனது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தோணிக்காரர் உசனார் திரும்பி வந்தார். கையில் அந்தக் கிடுகு. “உங்கட சாமான் என்ட தோணியில கிடந்திச்சு அக்கா.”

“இதையும் கொண்டுபோய் வாவியில போடுங்க.” இரத்தினம்மா தனோஜன் கொடுத்த படத்தை அவர் முன்னால் எறிந்தாள். “இந்தப் படத்தாலதான் என்ட புள்ளட கல்யாணம் நிண்டது.”

உசனார் குனிந்து படத்தை எடுத்தார். பார்த்தார். அக்கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இது இலட்சுமிப்பிள்ளை அக்காட வீடுதானே. இப்பதான் அவங்கள இந்த வாசல்ல இறக்கிப்போட்டு வாறன்.”