இரண்டு வெள்ளைப் புள்ளி

சிதம்பரத்து மண்ணை இனி மிதிப்பதில்லை என்று அஷ்பாக் முடிவு கட்டிவிட்டார். அங்கே மச்சினன் நாசர் வீட்டில் போன தடவை நடந்த கல்யாணத்தில், முதல் பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி, துபாயிலிருந்து வந்த யாருக்கோ இடம் கொடுத்தார்கள். வீட்டு மாப்பிள்ளையை! அன்று பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. அதற்காக மன்னிக்க முடியுமா?

இப்போது நாசர் மகள் நஜியாவுக்கு நிச்சயம்.

“நீங்க வரலன்னா நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க மச்சான்,” என்றாள் மனைவி ஷஹனாஸ். அவளுக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

“கேக்கட்டும். தலையே போனாலும் வரமாட்டேன். எனக்கு இங்க வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“பூச்சி.”

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டு வாசல் விளக்கடியில் நகத்தளவு அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு இறக்கைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் கறுப்புக் கோடு. பல்லி கவ்வியதில் வலது இறக்கை நுனி கிழிந்திருந்தது. அவருடைய வாட்ஸ்அப் பூச்சிக் குழுவில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. கிழியாத ஒன்று கிடைத்தால் சொல்லிவிடலாம் என்றார்கள். அன்று முதல் அவர் அந்த விளக்கை அணைக்க விடவில்லை.

“சரி, பூச்சியோடவே இருங்க. நான் போறேன்,” என்று ஷஹனாஸ் நிச்சயத்துக்கு முதல் நாளே கிளம்பினாள். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். ஜெயித்த மிதப்பில் இவருக்கு அது உறைக்கவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் சுவரில் பூச்சியைக் காணோம். சாயங்காலம் அவர் இன்னும் பல்லியை வம்சத்தோடு திட்டிக்கொண்டிருந்தபோது போனில் படம் வந்தது. ஷஹனாஸ் அனுப்பியது. படத்தில் பூச்சியின் இடது இறக்கை மட்டும் தெரிந்தது, கிழிசல் இல்லாமல். இரண்டு வெள்ளைப் புள்ளி. கறுப்புக் கோடு.

“இது எங்க இருக்கு புள்ள?” என்று போனில் கத்தினார்.

“அண்ணன் வீட்டு மாடியில. டம்ளர் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

“தொடாத! நானே வரேன். பூச்சிக்காகத்தான் வரேன், உங்கண்ணனுக்காக இல்ல. சொல்லிடு!”

மறுநாள் காலை வாசலிலேயே நாசர், “வாங்க மச்சான்,” என்று கையைப் பிடித்தார். அஷ்பாக் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினார். கண்ணாடி டம்ளருக்குள் பூச்சி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. குனிந்தார். வலது இறக்கை நுனி கிழிந்திருந்தது.

“அடியே! இது நம்ம வீட்டுப் பூச்சி!”

“ஆமா மச்சான். சீரக டப்பாவுல போட்டு நான்தான் எடுத்தாந்தேன்,” என்றாள் ஷஹனாஸ். “உங்க புதுச் சட்டையும் அதே பையிலதான் வந்துச்சு. போட்டுக்கிட்டு கீழ வாங்க.”