அந்தப் பைத்தியம் நான்தான்

'என்னைத்தான் எழுதியிருக்கான்' என்று ஒரு ஜாதி மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதையில் வள்ளல் வந்தால் அது இவர். காதலில் ஏமாந்தவன் வந்தால் அதுவும் இவர். மாட்டு வைத்தியன் வந்தால், 'எங்க எருமைக்கு நான் கஷாயம் ஊத்தினது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்பார். கள்ளன் வந்தால்? அது பக்கத்து வீட்டுக்காரர்.

ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருந்த காசி இந்த ஜாதியில் அசல். புதூர்நாட்டுப் பாதை சேறாகி, மலையிலிருந்து புளி இறங்காத ஒரு மழைக்காலத்தில், சும்மா உட்கார முடியாமல் வாணியம்பாடிக்குப் போய் ஒரு திகில் நாவல் வாங்கி வந்தார். மலை பங்களாவில் தனியாக இருக்கும் பணக்காரனுக்கு மெல்ல மெல்லப் புத்தி பேதலிக்கிற கதை. பின்னால் காலடி கேட்கும், திரும்பினால் ஆளிருக்காது. கண்ணாடியைப் பார்த்தால் உள்ளே நிற்பவன் இவனைப் பார்த்துச் சிரிப்பான். மற்றவர்கள் படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயந்தார்கள். காசியோ பூரித்துப் போனார்.

"மாணிக்கம், இது நான்தான்" என்றார் மனைவியிடம். "அவனும் மலைக்குப் போறான், நானும் போறேன். அவனுக்கும் மறதி. நான் போன வாரம் கால்ல போட்டுக்னே செருப்பைத் தேடல? பஸ்ல கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தன் என்னையே பாத்துக்னு வந்தான். அவன்தான் எழுதிக்கீறான்."

"பைத்தியம்னு இல்ல எழுதிக்கீறான்?" என்றாள் மாணிக்கம்மாள்.

"பெரிய பைத்தியம்னு எழுதிக்கீறான்."

சந்தையில் சொன்னார், சலூனில் சொன்னார், பஸ் கண்டக்டரை நிறுத்தி வைத்துச் சொன்னார். மாணிக்கம்மாளின் கவலை வேறு. மகள் பாஞ்சாலியைப் பெண் பார்க்கக் கலசப்பாக்கத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். பையனின் போட்டோவைப் பெண் இன்னும் திருப்பித் தரவில்லை. பைத்தியக்கார வீடு என்று பேர் விழுந்தால் எவன் பெண் எடுப்பான்?

"இன்னிக்கி ஒரு நாள் பைத்தியம் இல்லாம இரு" என்று அவர்கள் வருகிற அன்று காலையில் கெஞ்சினாள். காசியும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

கேசரி வந்தது. பெண் வந்து வணங்கிவிட்டுப் போனாள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் பையனின் அப்பா வடிவேலு தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு மொதல்லியே சொல்லிர்றேன். மெட்ராஸ்காரன் ஒருத்தன் என்னை வச்சு நாவல் எழுதிக்கீறான். மலை பங்களா, கண்ணாடி, சிரிப்பு... அந்த ஆளு நான்தான்."

காசியின் தட்டில் கேசரி அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் பொறுப்பான்?

"உங்களுக்கு இன்னா யோக்கியதை கீது, பைத்தியம்னு சொல்லிக்க? அது நானுங்க."

"நீங்களா? உங்களைப் பாத்தா தெளிவா கீறீங்க."

"யாரைப் பாத்துத் தெளிவுன்றீங்க?"

துண்டு தோளுக்கு ஏறியது. வடிவேலு எழுந்து மகனைக் கையைப் பிடித்து இழுத்தார். பையன் எழவில்லை. அறைக்குள்ளே பாஞ்சாலி விசும்பும் சத்தம் கேட்டது. கதவோரம் நின்ற வடிவேலுவின் மனைவி மாணிக்கம்மாளின் காதில், "எங்க வூட்லயும் ரெண்டு மாசமா இதான்" என்று முனகினாள்.

மாணிக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நாவலைப் புருஷன் உரக்கப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம். வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"ஏங்க சண்டை? கதையில ரெண்டு பேர் கீறாங்களே. கண்ணாடிக்கு வெளிய நின்னு பயப்படறவரு ஒருத்தர், உள்ள நின்னு சிரிக்கறவரு ஒருத்தர்."

இரண்டு பேரும் யோசித்தார்கள். வடிவேலு முதலில் உட்கார்ந்தார்.

"சிரிக்கறவன் நான்."

"அப்ப சரி. கதாநாயகன் நான்" என்று காசி கேசரியைத் தொடர்ந்தார்.

தை மாதம் கல்யாணம். பந்தலில் சம்பந்திகள் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் சிரிக்க, ஒருவர் பயந்தார்.

இதைப் படித்துவிட்டு, 'அட, நம்ம வீட்டு சங்கதி இவனுக்கு யார் சொன்னது?' என்று உங்கள் மனைவியை முறைக்கிறீர்களா? பாவம், அவரை விட்டுவிடுங்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆள் நானல்ல. நான் கண்ணாடிகூடப் போடுவதில்லை.